நாரி நோவும் களைத்த தசையும்
வன்னிக் கமத்தொழிலை முன்னிட்டு ஓர் ஆராய்வு

வன்னி நாட்டின் வாழ்வு கமத்தைச் சார்ந்தது. கமமோ மனிதனின் நாரியைச் சார்ந்தது. திருவள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்து அத்தொழிலின் தலைமையை நிலைநாட்டினார். உழவனின் பெருமையைப் பேசுவோர் பலர். அவ்வுழவனின் முதுகைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. விழாமலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, பள்ளிப் பருவத்து நினைவுகளை மீட்பதிலும் பார்க்க, இம்மண்ணிலே உழைத்துண்ணும் மக்களுக்குப் பயன்படும் ஒரு பொருளை ஆராய்தலே தக்கதெனத் துணிந்தோம். அப்பொருள் நாரி நோவாகும்.

ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் இரணைமடுக் குளத்தின் கீழ்க் கமஞ்செய்பவர். ஓர் ஆண்டின் காலபோகத் தொடக்கத்தில், மழை முந்திவிடுமோ என்னும் அச்சத்தால், விடியற்புறந் தொடங்கி அந்திப்பொழுது வரை உழவு இயந்திரத்தின் இருக்கையிலேயே இருந்து உழுதார். பொழுது சாய்ந்தபின் இறங்கினார். இறங்கிய கையோடு வரம்பிற் கிடந்த விதைநெல் மூடையைக் குனிந்து தூக்கினார். குனிந்தவர் நிமிர்ந்திலர். இருவர் தாங்கி வீட்டிற்குக் கொண்டுசென்றனர். அந்தப் போகத்தில் அவருடைய வயலிற் பாதி பிறர் கையால் விதைக்கப்பட்டது. மறுபாதி தரிசாய்க் கிடந்தது. இயந்திரத்திற்குக் கட்டவேண்டிய தவணைப் பணமும் தவறியது. ஒரு மனிதனின் நாரி பிடித்ததனால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வாழ்வு நிலைகுலைந்தது.

அயலார் அனைவரும் 'மூடையின் பாரம்' என ஒரே குரலிற் கூறினர். ஆயின் அன்று காலையில் அதே மூடையை அவரே தம் வீட்டு முற்றத்திலிருந்து தூக்கிப் பெட்டியில் ஏற்றியிருந்தார். அப்பொழுது யாதொரு தீங்கும் நேர்ந்திலது. காலையிற் பாரமாகாத மூடை மாலையிற் பாரமானது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய நோவும் புதிய காரணமும்

நாரி உளைவு இந்நாட்டுக்குப் புதியதன்று. எருமைக்கடா பூட்டி உழுத காலத்தும், களத்திலே மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தும் அஃது இருந்தது. பரியாரியார் எண்ணெய் காய்ச்சித் தந்தார். வீட்டிலுள்ளோர் நொச்சியிலை வதக்கி ஒத்தடம் கொடுத்தனர். அக்காலத்து உழவன் நடந்தான், குனிந்தான், சுமந்தான். ஆனால் அவன் அதிர்வின்மேல் அமர்ந்திருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் உழவு இயந்திரம் இந்நாட்டு வயல்களுட் புகுந்தது. எமது போரோ 2009 மே மாதத்தில் முடிவுற்றது. மக்கள் மீண்டு வந்து குடியேறியபொழுது, வீட்டையும் உடைமையையும் போலவே உழவு மாடுகளையும் பலர் இழந்திருந்தனர். இந்திய அரசு வடமாகாணக் கமக்காரருக்கென 500 உழவு இயந்திரங்களை வழங்கியது அக்காலத்திலேயாம். இன்று அக்கராயனிலாயினும் வவுனிக்குளத்திலாயினும் முத்தையன்கட்டிலாயினும் உழுதல், பலகையடித்தல், மூடை ஏற்றுதல் யாவும் இயந்திரத்தாலேயே நிகழ்கின்றன. நான்கு சக்கர இயந்திரத்தில் இருக்கையேனும் உண்டு. இரு சக்கர இயந்திரத்தைப் பெட்டியோடு பூட்டிச் செலுத்துவோன் பெரும்பாலும் வில்லில்லாத ஒரு பலகையின் மேலேயே அமர்ந்து, கிறவல் வீதியின் பள்ளந்திட்டிகளையெல்லாம் தன் முள்ளந்தண்டினால் அளந்து செல்கின்றான்.

இயந்திரம் உழவனின் உழைப்பைக் குறைத்தது உண்மையே. ஆனால் உழைப்பின் வகையையும் அது மாற்றிவிட்டது. அம்மாற்றத்தை விளங்குதற்கு முதலில் முள்ளந்தண்டின் இயல்பை அறிதல் வேண்டும்.

பாய்மரமும் கயிறும்

முள்ளந்தண்டைத் தூண் என்பர். தூண் எனின் அது தானே நிற்கவல்லது என்னும் கருத்து எழும், அக்கருத்துப் பிழையாகும். தசைகளை முற்றாக நீக்கி, எலும்பையும் எலும்புகளைப் பிணைக்கும் இணையங்களையும் மாத்திரம் விட்டுவைத்த இடுப்பு முள்ளந்தண்டின்மேற் சுமையேற்றிப் பரிசோதித்தார் கிறிஸ்கோ என்னும் ஆய்வாளரும் அவர்தங் குழுவினரும். 1992இல் வெளியான அவ்வாய்வின்படி, ஏறத்தாழ 90 நியூட்டன், அஃதாவது ஏறத்தாழ 9 கிலோகிராம் சுமையிலேயே அது நிலைகுலைந்து வளைந்தது. அறுபது கிலோ நிறையுடைய ஒருவரின் இடுப்புக்கு மேற்பட்ட உடலின் நிறையோ இதன் மும்மடங்கிலும் அதிகமாகும். மூடையொன்றும் சுமவாது வெறுமனே நிமிர்ந்து நிற்பதற்குக்கூட எலும்பு மாத்திரம் போதாது என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின் முள்ளந்தண்டைத் தூணென்பதிலும் பார்க்கப் பாய்மரம் என்பதே பொருத்தம். பாய்மரம் தன் வலிமையால் நிற்பதன்று. நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளால் நிற்பது. முதுகிலும் வயிற்றிலும் விலாவிலும் அமைந்த தசைகளே அக்கயிறுகள். ஆனால் கப்பலின் கயிற்றுக்கும் உடலின் கயிற்றுக்கும் ஒரு பெரு வேற்றுமை உண்டு. கப்பற் கயிறு கட்டியபடியே கிடக்கும். உடலின் கயிறோ கணந்தோறும் தன்னை இறுக்கியும் தளர்த்தியும் கொள்ளும். கையை நீட்டினால் ஒருவாறும், இருமினால் வேறொருவாறும், காலிடறினால் மற்றொருவாறும் அஃது இயங்கும். அதனை இயக்கும் மாலுமி நரம்புத்தொகுதியாகும்.

பஞ்சாபி என்னும் அறிஞர் 1992இல் இக்கருத்தை மூன்று கூறாக வகுத்துக் காட்டினார். எலும்பும் இணையமும் தட்டும் சேர்ந்தது ஒன்று, தசைகள் மற்றொன்று, இவ்விரண்டையும் உணர்ந்து ஆளும் நரம்பு மூன்றாவது. இம்மூன்றில் ஒன்று தளரின் ஏனையவை அதன் பணியையும் சேர்த்துச் சுமக்கும். ஓர் எல்லைவரை சுமக்கும். எல்லை கடப்பின் நோவு தோன்றும். உடற்பகுதியின் கட்டுப்பாடு என்று இக்காலத்தார் கூறுவது இம்மூன்றின் ஒத்துழைப்பையேயாம்.

உடம்பின் உள்ளுணர்வு

இருளிலே கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எம் முதுகு வளைந்துள்ளதா நிமிர்ந்துள்ளதா என்பதை நாம் அறிவோம். எதனால் அறிகின்றோம்? தசைகளின் உள்ளே மிகச் சிறிய உணர்கருவிகள் புதைந்துள்ளன. அவை நூல் நூற்கும் கதிரின் வடிவினவாதலின் தசைக்கதிர்கள் எனப்படும். தசை நீளும்போது அக்கதிர்களும் நீளும். நீண்ட அளவையும் நீளும் வேகத்தையும் அவை முண்ணாணுக்கும் மூளைக்கும் இடையறாது அறிவிக்கும். எத்தசையை எவ்வளவு இறுக்கவேண்டும் என்னும் கட்டளை அவ்வறிவிப்பைக் கொண்டே பிறக்கின்றது.

இக்கதிர்களை ஏமாற்றுதல் கூடும். குட்வின், மக்லோஸ்கி, மத்தியூஸ் என்னும் மூவர் 1972இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். கையின் தசைநாணொன்றின்மேல் விரைந்து அதிரும் கருவியை வைத்தால், அசையாத கையும் அசைவதாக ஒருவருக்குத் தோன்றும். அதிர்வினாற் கிளர்ந்த கதிர்கள் 'தசை நீள்கின்றது' எனப் பொய்ச் செய்தி அனுப்புதலே இதற்குக் காரணமாகும். செக்கனுக்கு ஏறத்தாழ 80 முறை அதிரும் அதிர்வு இவ்வேமாற்றத்திற்கு மிகவும் வாய்ப்பானது எனக் கண்டனர் பின்வந்தோர்.

இதே உத்தியை முதுகுத் தசைமேற் பிரயோகித்தனர் பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புறுமாஞ் முதலியோர். 2000ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், நாரி நோவுடைய இளைஞரும் நோவில்லாத இளைஞரும் தம் இடுப்பை ஒரு குறித்த நிலைக்கு மீண்டும் மீண்டும் கொண்டுவருமாறு கேட்கப்பட்டனர். நோவில்லாதோர் செம்மையாகக் கொண்டுவந்தனர். முதுகில் அதிர்வு கொடுத்தபொழுது பிழைத்தனர். நோவுடையோரோ அதிர்வு கொடாதபொழுதே பிழைத்தனர். அதிர்வு கொடுத்தபொழுது அவர்தம் பிழை அவ்வாறு மிகுந்திலது. இதிலிருந்து உய்த்துணரத்தக்கது யாது? நோவுடையவரின் முதுகுத் தசையிலிருந்து எழும் செய்தி முன்னரே தெளிவிழந்திருக்கின்றது; அன்றேல் மூளை அச்செய்தியை முன்போல் நம்புவதில்லை. தெளிவாகப் பேசுவோனின் குரலையே இரைச்சல் குலைக்கும். முன்னரே குளறுவோனின் குரலில் இரைச்சலாற் கெடுவதற்கு அதிகம் இல்லை.

களைப்பு செய்யும் தீங்கு

தசை களைத்தால் வலிமை குறையும் என்பதை எவரும் அறிவர். களைத்த தசை உணர்வையும் இழக்கும் என்பதே பலர் அறியாத உண்மை. பின்லாந்து நாட்டுத் தைமெலா முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. ஒருவரை ஓர் இருக்கையில் அமர்த்தி, அவரது இடுப்பை மிக மெதுவாகத் திருப்பி, திரும்புவதை உணர்ந்தவுடன் கூறுமாறு கேட்டனர். முதுகுத் தசைகளை வேலைவாங்கிக் களைப்பித்தபின் அதே சோதனையை மீண்டும் செய்தனர். களைத்தபின் நோவுடையோரும் நோவில்லாதோரும் தாமதித்தே உணர்ந்தனர். நோவுடையோர் களைப்பதற்கு முன்னரும் மற்றையோரிலும் பார்க்கப் பின்தங்கியே நின்றனர்.

களைப்பைத் தாங்கும் ஆற்றலுக்கும் வருங்கால நோவுக்கும் உள்ள தொடர்பை 1984இல் எடுத்துக்காட்டினார் தென்மார்க்கு நாட்டுப் பியரிங்-சோரென்சென். ஒரு மேசைமேற் குப்புறப் படுத்து, இடுப்புக்கு மேற்பட்ட உடலை மேசைக்கு வெளியே நீட்டி, நிலத்திற்குச் சமாந்தரமாக எத்துணை நேரம் தாங்க முடியும் என்பதே அவர் செய்த சோதனை. 240 செக்கன் மேலெல்லையாகக் கொள்ளப்பட்டது. குறைந்த நேரமே தாங்கிய ஆடவரிடையே அடுத்த ஓராண்டினுள் முதன்முதலாக நாரி நோவு தோன்றுதல் மிகுதியாகக் காணப்பட்டது. முதுகிற்கு வேண்டுவது மல்லனின் வலிமையிலும் பார்க்க நெடுநேரம் நின்றுபிடிக்கும் தன்மையே என்பது இச்சோதனையின் படிப்பினை.

குனிந்து களை பிடுங்கும் பெண்களையும், விசுவமடுப் பகுதியில் நிலக்கடலைச் செடி பிடுங்குவோரையும் ஈண்டு நினைத்தல் தகும். உடல் முற்றாகக் குனிந்த நிலையில் முதுகின் பெருந்தசைகள் இறுகுதலை விட்டு ஓய்ந்துவிடும் என்பதை 1950களில் புளொயிட், சில்வர் என்னும் இருவர் மின்னளவை கொண்டு கண்டனர். அந்நிலையில் உடலின் பாரம் முழுவதும் இணையங்களிலும் தட்டுக்களிலும் தொங்குகின்றது. அவை சிறுகச் சிறுக நீளும். நீண்டவை உடனே மீளா. ஆதலின் நெடுநேரம் குனிந்திருந்து நிமிர்ந்தவரின் முதுகு சிறிது நேரம் தளர்ந்த கயிறுடைய பாய்மரமாகவே இருக்கும். இயந்திரம் ஏறாதவரையும் நாரி நோவு பிடித்தல் இதனாலும் நேர்வதாம்.

அதிர்வு செய்யும் தீங்கு

இனி அதிர்வை நோக்குவோம். உயர்தர வகுப்பிலே பௌதிகம் கற்றோர் பரிவு என்னும் தோற்றப்பாட்டை அறிவர். ஊஞ்சலை அதன் இயல்பான மீடிறனுக்கு ஒப்பத் தள்ளினால் சிறு விசையும் பெரும் ஆட்டத்தை உண்டாக்கும். அமர்ந்திருக்கும் மனிதனின் உடலுக்கும் அத்தகைய மீடிறன் ஒன்றுண்டு. நிலைக்குத்துத் திசையில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 அதிர்வு. கரடான நிலத்தில் ஓடும் உழவு இயந்திரத்தின் இருக்கையில் எழும் அதிர்வின் பெரும்பகுதியும் செக்கனுக்கு 1 முதல் 7 வரையான அதிர்வுகளுக்குள் அமைகின்றது. இயந்திரமும் முள்ளந்தண்டும் ஒரே தாளத்தில் ஆடுவதற்கு இதிலும் வாய்ப்பான பொருத்தம் வேண்டுமோ?

முன்னர்க் கூறிய 80 அதிர்வுச் சோதனையும் இதுவும் ஒன்றல்ல என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். அது தசைக்கதிரை நேரே ஏமாற்றும் விரைந்த நுண்ணதிர்வு. இதுவோ உடல் முழுவதையும் தூக்கிப்போடும் மெதுவான பேரதிர்வு. ஒவ்வொரு துள்ளலின்போதும் முதுகுத் தசைகள் இறுகுகின்றன, அடுத்த துள்ளலுக்குள் தளர முயல்கின்றன, பின்னும் இறுகுகின்றன. செக்கனுக்கு நான்கைந்து முறை நிகழும் இவ்விறுக்கம் பத்து மணித்தியாலத்தில் எத்தனையாகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருக்கையிலே 'சும்மா' இருந்தவன் களைத்து இறங்குதல் இதனாலேயாம். களைப்பையும் அதிர்வையும் தனித்தனியே கூறினோமாயினும், வயலில் அவை பிரியா இரட்டையர்.

இத்தாலியில் பொவென்சி முதலியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில் 1155 உழவு இயந்திர ஓட்டுநரும் 220 அலுவலக ஊழியரும் ஒப்பிடப்பட்டனர். ஓட்டுநரிடையே நாரி நோவு மிகுந்திருந்தது. ஆண்டாண்டாகச் சேர்ந்த அதிர்வும், முறுகிய அமர்நிலையும் மிகமிக நோவும் மிகுந்தது. முறுகிய அமர்நிலையைத் தனியே எடுத்துரைத்தமை கவனிக்கத்தக்கது. உழுவோன் முன்னே ஒரு கண்ணும் பின்னே கலப்பையில் ஒரு கண்ணுமாக இருப்பவன். அவனது முதுகு அதிர்வதோடு முறுகியும் நிற்கின்றது.

அதிர்வுக்கு ஓர் எல்லை வகுத்துள்ளனரா எனின், வகுத்துள்ளனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிப்புரை, எட்டு மணித்தியால வேலைநாளுக்குரிய அதிர்வின் ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 0.5 மீற்றரை எட்டியவுடன் முன்னெச்சரிக்கை வேண்டுமெனவும், 1.15 மீற்றரைக் கடத்தலாகாதெனவும் கூறும். இதிலுள்ள கணக்கு எளியது; பயன் பெரியது. அதிர்வு இருமடங்காயின், அதே அளவை எட்டும் நேரம் பாதியாவதன்று, நான்கிலொன்றாகும். இருக்கையிலே 1 மீற்றர் ஆர்முடுகல் உண்டெனக் கொண்டால், முதலெல்லை இரண்டு மணித்தியாலத்திலேயே வந்துவிடும். வேகத்தைத் தணித்து அதனை 0.7 ஆக்கினால், அவ்வெல்லை வர ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் செல்லும். கரட்டு வழியில் வேகத்தைக் குறைப்பவன் நேரத்தை இழக்கின்றான் என்று எண்ணற்க. தன் நாரிக்கு நேரத்தை வாங்குகின்றான்.

மாலை மூடையின் மருமம்

இப்பொழுது எம் நண்பரின் மூடையிடம் மீள்வோம். காலையில் அவர் குனிந்தபொழுது தசைக்கதிர்கள் தெளிவாகப் பேசின. நரம்பு காலத்தாற் கட்டளையிட்டது. தசைகள் பாரம் வருமுன்னரே இறுகித் தாங்கின. மாலையிலோ, பத்து மணித்தியால அதிர்வால் உணர்வு மழுங்கியிருந்தது, தசை களைத்திருந்தது, தட்டும் இணையமும் தளர்ந்திருந்தன. திடீரென வரும் பாரத்திற்கு முதுகுத் தசை தரும் மறுமொழியைக் களைப்பும் அதிர்வும் மாற்றிவிடுகின்றன என்பது 1996இல் வில்டர் முதலியோர் வெளியிட்ட ஆய்விற் காட்டப்பட்டுள்ளது. கயிறு இறுகுவதில் ஒரு கணம் பிந்தினாற் போதும். அக்கணத்திற் பாய்மரம் தனித்து நிற்கும். தனித்து நிற்கும் முள்ளந்தண்டின் ஆற்றல் ஒன்பது கிலோ என்பதை மேலே கண்டோம்.

மூடையின் நிறை மாறவில்லை. தாங்கியவனின் காவல் மாறிவிட்டது. எமது வினாவுக்குரிய விடை இதுவேயாகும்.

காரணமா, காரியமா?

கட்டுப்பாட்டுக் குறைவால் நோவு வந்ததா, நோவினாற் கட்டுப்பாடு குறைந்ததா என வினவுதல் நியாயமே. இரண்டும் உண்டு என்பதே இன்றைய அறிவு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் ஏறத்தாழ 300 விளையாட்டு வீரரின் உடற்பகுதித் தசைகள் திடீர் இழுப்புக்குத் தரும் மறுமொழியை அளந்து, பின்னர் அவரைத் தொடர்ந்து அவதானித்தனர். மறுமொழி பிந்தியவர்க்கு நாரிப் பாதிப்பு நேரும் வாய்ப்பு மிகுந்திருந்ததென 2005இல் அவர்கள் வெளியிட்டனர். இது பிந்திய மறுமொழி பின்னர் வரும் நோவுக்கு வித்தாதலைக் காட்டும். மறுபுறத்தில், 1996இல் ஆஸ்திரேலியாவின் ஹொட்ஜஸும் றிச்சட்சனும், நாரி நோவுடையோர் கையை உயர்த்தும்போது வயிற்றின் ஆழ்ந்த தசை தாமதித்தே இறுகுவதைக் கண்டனர். அவ்வொரு தசையே யாவுக்கும் காரணம் எனச் சிலர் பின்னர்ப் பிரசாரஞ் செய்தது மிகையாகும். கயிறு ஒன்றினாற் பாய்மரம் நில்லாது.

நோவு கண்டவர் இயல்பாகவே முதுகை விறைப்பித்து நடப்பர். எல்லாத் தசைகளையும் ஒருங்கே இறுக்கிக் காவல்புரியும் இம்முறை முதலிற் பயன்தரும், நாட்பட்டால் தீங்காகும். ஓயாது இறுகிய தசை களைக்கும். களைத்த தசை உணர்விழக்கும். உணர்விழந்த முதுகு மீண்டும் நோவுறும். இச்சுழலை அறுப்பதே வைத்தியத்தின் பணி.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தையும் களைதல் வேண்டும். படம் எடுத்துப் பார்த்துத் 'தட்டுத் தேய்ந்துவிட்டது' எனக் கேட்டவுடன் வாழ்வே முடிந்ததென அஞ்சுவோர் பலர். நோவே இல்லாதவரின் படங்களைத் தொகுத்தாராய்ந்து 2015இல் வெளியான கட்டுரையின்படி, இருபது வயதினரில் 37 சதவீதத்தினரிடமும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினரிடமும் தட்டுத் தேய்வு காணப்பட்டது. தலை நரைத்தல் போல்வதே இது. தேய்ந்த தட்டை முன்போல ஆக்க முடியாது. மழுங்கிய உணர்வையும் களைக்கும் தசையையும் பயிற்சியால் மீட்க முடியும். மேற்கூறிய 1996ஆம் ஆண்டு ஆய்விலேயே, பயிற்சி பெற்ற நோயாளரின் தசை மறுமொழி சீர்பட்டதும் கூறப்பட்டுள்ளது. நம்பிக்கைக்கு இடந்தருவது இதுவே.

செய்யத்தக்கன

முதலாவது, இயந்திரத்தால் இறங்கிய கையோடு எதனையும் தூக்கலாகாது. சில நிமிடம் வரம்பில் நடந்து, நிமிர்ந்து, தண்ணீர் அருந்தி, அதன்பின் தூக்குக. செலவில்லாத இவ்வொரு வழக்கம் வன்னியெங்கும் பரவின் பல நாரிகள் பிழைக்கும். தூக்குமிடத்து மூடையை உடலோடு அணைத்து இருவராகத் தூக்குக; தூக்கியபடி இடுப்பை முறுக்காது கால்களைப் பெயர்த்துத் திரும்புக.

இரண்டாவது, உழவை இடைவிட்டுச் செய்க. மணித்தியாலத்திற்கு ஒருமுறையேனும் இறங்கி நடத்தல் தசைக்கு ஓய்வும் தட்டுக்கு உணவுமாகும். இருக்கையின் வில்லைத் தன் நிறைக்கேற்பத் திருத்துக. சக்கரத்தின் காற்றை அளவோடு வைக்க. கிறவல் வீதியில் வேகத்தைத் தணிக்க. களை பிடுங்குவோரும் இடையிடையே நிமிர்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றிச் சிறிது பின்சாய்ந்து, பின்னரே தொடர்க.

மூன்றாவது, போகத்திற்கு முன்னரே முதுகைப் பழக்குக. கைகளிலும் முழந்தாள்களிலும் நின்று, வலக்கையையும் இடக்காலையும் ஒருங்கே நீட்டிப் பத்துச் செக்கன் தாங்குக. பின் மாற்றிச் செய்க. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை உயர்த்தித் தாங்குக. நாடோறும் சிலமுறை செய்து, அதனோடு விரைந்து நடந்தும் வரின், சில வாரங்களில் நின்றுபிடிக்கும் தன்மை வளரும். காலபோக மழை வருமுன் வாய்க்காலைத் திருத்துகின்றோம், இயந்திரத்திற்கு எண்ணெய் மாற்றுகின்றோம். முதுகுக்கு மாத்திரம் முன்னேற்பாடு வேண்டாவோ?

நான்காவது, நோவு வந்துவிடின் பாயிலே கிடந்து காலங்கழித்தல் தகாது. கெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடம் செய்த ஆய்வொன்று 1995இல் வெளியாயிற்று. இரண்டு நாட் படுக்கை ஓய்வு பெற்றவரிலும், முதுகுப் பயிற்சி பெற்றவரிலும் பார்க்க, நோவு விட்ட அளவுக்குத் தம் அன்றாட அலுவலைத் தொடர்ந்தவரே விரைந்து தேறினர். ஒத்தடமும் எண்ணெயும் ஆறுதல் தருவன, அவற்றை விலக்கவேண்டியதில்லை. ஆனால் அவற்றோடு நடையும் வேண்டும். நோவு வாரங்கடந்தும் நீடிப்பின் வைத்தியரையும் இயன்மருத்துவரையும் நாடுக.

ஐந்தாவது, சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு நாளும் தாமதித்தலாகாது. மலசலம் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடின்மையோ தோன்றுதல், தொடைகளின் நடுப்பகுதி மரத்தல், கால் வலுவிழத்தல், நோவோடு காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ உண்டாதல், விழுந்தபின் எழும் கடுநோவு என்பன அவை. எம்மண்ணிற்கே உரிய ஒன்றையும் கூறுதல் கடமை. போரிலே பட்ட எறிகணைச் சிதறல் உடலில் தங்கியவர்கள் எம்மிடையே உளர். காந்தப் படம் எடுக்குமுன் அதனை மறவாது வைத்தியரிடம் அறிவித்தல் வேண்டும். காந்தம் அவ்வுலோகத்தை அசைத்து ஊறு விளைத்தல் கூடும்.

முடிவுரை

எம் நண்பர் தேறினார். இரண்டு மாதம் நடந்தார், பயின்றார். அடுத்த சிறுபோகத்தில் மீண்டும் இயந்திரம் ஏறினார். இப்பொழுது அவர் இறங்கியவுடன் மூடையைத் தொடுவதில்லை. வரம்பின் எல்லைவரை ஒருமுறை நடந்து திரும்புகின்றார். முதலில் நகைத்த அயலார் இன்று அவரோடு சேர்ந்து நடக்கின்றனர்.

இக்கல்லூரியில் இன்று கற்கும் மாணவருட் பலர் கமக்காரரின் மக்களாவர். அவருள் வைத்தியராவோரும் பொறியியலாளராவோரும் உளர். கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அருகருகே அமைந்துள்ளன. வன்னி வீதிக்கும் வன்னி வயலுக்கும் ஏற்றதோர் இருக்கையை இங்கு கற்ற ஒருவர் அங்கு சென்று ஆக்கித் தருவாராயின், அது பெருந்தொண்டாகும். அதுவரை அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்று மாலை வயலிலிருந்து மீளும் தந்தையாரிடம், 'ஐயா, இறங்கிக் கொஞ்சம் நடவுங்கோ; மூடையை நாங்கள் தூக்குகிறம்' என்று சொல்லட்டும்.